கட்டடம் ஒன்றுக்குக் குழாய் ஒன்று

ஜனவரி 6, திங்கள்

மலைமேல் உள்ள பளியர் குடியிருப்பான கூட்டாத்துப்பாறைக்கு இன்று முதல் முறையாகப் போனேன். அடிவாரம் வரை பேருந்து. அதற்கு மேல் எஸ்டேட் ஜீப் ஏற்றிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் நடை. இன்று நடை.

என் பதவியின் பெயர் 'வாழ்க்கைத்தர ஒருங்கிணைப்பாளர் (ஒப்பந்தம்)'. அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் பதவி, மற்றது மரியாதை. பழங்குடியினரின் வாழ்க்கைத்தரத்தை உயர்த்த மத்திய அரசும் மாநில அரசும் நிதி உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டிருக்கின்றன. எண்பத்து நான்கு பக்கம். இரண்டு அரசுத் தரப்பிலும் சேர்த்துப் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பளியர் எவரும் இதில் தரப்பு இல்லை, அவர்கள் 'பயனாளிகள்'. சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லார் பெயரையும் அச்சடித்துவிட்டு மாப்பிள்ளை பெண் பெயரை விட்டுவிட்ட கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

முதல் தவணை, வீடு. கட்டியாயிற்று. இரண்டாம் தவணை, குடிநீர்க் குழாய். கட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் பயனாளிகள் சமைத்து, உண்டு, உறங்குவதை மார்ச்சில் ஆய்வுக் குழு கண்ணால் பார்த்த பிறகே அது வரும். ஒரு வீடு காலியாக இருந்தாலும் தவணை இல்லை. பணம் நிதியாண்டுக் கடைசியில் வந்த வழியே போய்விடும். என் ஒப்பந்தமும் அதே நாளில் முடிகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

தண்ணீருக்குப் பெண்கள் எஸ்டேட் கேட் வரை இறங்குகிறார்கள். வாட்ச்மேன் மனது வைத்துத் திறக்கும்போது பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஓடை ஒன்று இருக்கிறது. எஸ்டேட்டில் மருந்தடிக்கத் தொடங்கியதிலிருந்து அதில் யாரும் வாய் கொப்பளிப்பதுகூட இல்லை.

உதவிப் பொறியாளர் சபாபதி உடன் வந்திருந்தார். வீடுகளைக் கட்டியவர் அவர். மொத்தம் பன்னிரண்டு வீடு, ஒரே வரிசை, வீட்டுக்கு வீடு பொதுச் சுவர், மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கான்கிரீட் தளம். ஊதா வண்ணம்.

"தனித்தனியாக் கட்டினா இருபத்துநாலு பக்கச் சுவர் வேணும் சார். நான் பதிமூணுல முடிச்சேன்" என்றார். தன் பிள்ளையின் மார்க்கைச் சொல்வது போல முகம்.

காலில் அட்டை. உப்பு வைத்து எடுத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

பன்னிரண்டாம் எண் வீடு பூட்டியிருந்தது. வரிசையின் கீழ்க்கோடி வீடு அது. பயனாளி பெயர் சடைச்சி, வயது நாற்பத்தாறு, கணவர் காளியன். பெரியாஸ்பத்திரியில் நுரையீரல் இனிமேல் ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் காளியன் ஒரு இலைக் குடிசை போட்டிருக்கிறார். அதற்குள் இருக்கிறாள்.

பதினோராம் வீட்டு மாசாணிதான் அழைத்துப் போனாள். அவள் வாய் ஓயாது. போகிற வழியில் என் செருப்பு, என் குடை, என் நடை மூன்றைப் பற்றியும் கருத்துச் சொன்னாள்.

"வீடு இருக்கும்போது இங்க ஏம்மா?" என்று சடைச்சியிடம் கேட்டேன்.

"நான் சாகப்போறேன் சாரு" என்றாள், சந்தைக்குப் போகிறேன் என்பது போல. "அந்தக் கூரைக்குக் கீழ செத்தா பன்னெண்டு குடும்பமும் வெளிய போகணும். எதுக்கு அந்தப் பாவம்?"

விளக்கியது மாசாணி. ஒரு கூரைக்குக் கீழே சாவு விழுந்தால் அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். அங்கே புழங்கக் கூடாது, அங்கிருந்து எதையும் எடுக்கவும் கூடாது. குடிசைக் காலத்தில் இது பெரிய சங்கதி இல்லை. ஒரு சாவு, ஒரு குடிசை. பக்கத்திலேயே இன்னொன்று போட்டுக்கொள்வார்கள். விட்டுப்போன குடிசை மழையில் விழுந்து மண்ணானதும் அந்த இடம் மறுபடி புழக்கத்துக்கு வந்துவிடும்.

"அப்ப ஆளுக்கொரு கூரை சாரு. இப்ப பன்னெண்டு பேருக்கும் ஒண்ணு. நீங்கதான போட்டுக் குடுத்தீங்க?"

"நடுவில் சுவர் இருக்கிறதே."

"சுவத்துக்குக் கீழயா சாரு தூங்குறோம்?"

சடைச்சி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமாயிற்று. காளியன் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் இருந்தார்.

ஜனவரி 21, செவ்வாய்

உடன்படிக்கையை முழுதும் படித்தேன். 'இறப்பு' ஒரே ஒரு இடத்தில் வருகிறது. பயனாளி இறந்திருந்தால் அவருடைய வீடு காலியாக இருக்கலாம், அது கணக்கில் சேராது. உயிரோடு இருந்துகொண்டு வெளியே படுத்திருந்தால் சேரும். அதாவது செத்தவர்களுக்குச் சலுகை உண்டு, சாகக் கிடப்பவர்களுக்கு இல்லை. எழுதியவர் வரிசைக் கிரமத்தில் நம்பிக்கை உள்ளவர் போலிருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

சபாபதியை அலுவலகத்தில் பார்த்தேன். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கூரையை இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்துவிட்டால் கூரை இரண்டாகிவிடும், சடைச்சி தன் வீட்டிலேயே படுத்துக்கொள்வாள், மற்றவர்களும் அங்கேயே இருப்பார்கள் என்று சொன்னேன்.

"அரசுச் சொத்து சார். சேதப்படுத்தினா கிரிமினல் கேஸ்."

"அனுமதி வாங்கி?"

"கட்டி முடிச்ச கட்டடத்தை வெட்டணும்னு நான் எழுதிக் கேட்டா, முதல்ல ஏன் அப்படிக் கட்டினேன்னு என்னைக் கேப்பாங்க. பதில் வர மூணு வருஷம் ஆகும். அந்தம்மா அதுவரைக்கும்..."

நல்ல மனிதர்தான். மிக்சர் வாங்கிக் கொடுத்தார். மக்களிடம் இந்த நம்பிக்கையைப் போக்க விழிப்புணர்வு முகாம் ஒன்று நடத்தலாம் என்றும், அதற்கு உடன்படிக்கையில் தனி ஒதுக்கீடு இருப்பதாகவும் சொன்னார். கூரையை அறுக்க ஒதுக்கீடு இல்லை. அறுக்க வேண்டாம் என்று பேச இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நடக்க இருந்த முகாம் தள்ளிவைக்கப்பட்டது. பேச வேண்டிய அதிகாரியின் பெரியப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் அவர் வெளி நிகழ்ச்சிகளுக்கு வர முடியாதாம். தீட்டு.

பிப்ரவரி 19, புதன்

முகாம். சாவு விழுந்த வீட்டை விட்டுப் போவது மூடநம்பிக்கை என்பதை அதிகாரி முக்கால் மணி நேரம் விளக்கினார். மொட்டைத் தலையில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். அதிகாரிக்கு மகிழ்ச்சி.

மாசாணி எழுந்து, "மொட்ட எதுக்குங்க அய்யா போட்டிருக்கீக?" என்று கேட்டாள்.

"பெரியப்பா இறந்துட்டாரும்மா."

"அய்யோ பாவம். முடி என்னங்க பண்ணுச்சு?"

தேநீர் கொடுத்து முகாமை முடித்தோம். தேநீருக்குத் தண்ணீர் எஸ்டேட் கேட்டிலிருந்து அவர்களே சுமந்து வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

சுற்றறிக்கை வந்திருக்கிறது. மார்ச் முதல் வாரத்திலிருந்து எந்த நாளும் ஆய்வு நடக்கலாம். பயனாளிகள் அனைவரும் அவரவர் வீட்டில் உறங்குவதை ஒருங்கிணைப்பாளர் உறுதி செய்ய வேண்டும்.

சடைச்சியிடம் தெரியப்படுத்தினேன். தெரியப்படுத்தியது மட்டும்தான், வற்புறுத்தவில்லை. மாலையில் மறுபடி போனது குடையை மறந்துவிட்டதால்.

இரண்டாம் முறை போனபோது காளியன் வாய் திறந்தார். "அவ மூச்சு விடவே படுற பாடு தெரியுதுல்ல? தூக்கிட்டுப் போயி உங்க வீட்டுல போடணுமா?"

"உங்கள் வீடு இல்லையா அது?" என்றேன்.

சடைச்சிதான் பதில் சொன்னாள். "அந்தக் கூரைய அறுத்துக் குடுங்க சாரு. நான் வந்து படுத்துக்கிறேன். இவளுகளுக்குத் தண்ணி வரட்டும். மாசாணி இடுப்பு போச்சு, பாத்தீங்களா அவ நடைய?"

"என் நடைக்கு என்னடி?" என்றாள் மாசாணி.

எண்பத்து நான்கு பக்க உடன்படிக்கையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் சின்ன உடன்படிக்கையாகத் தெரிந்தது. ஆனால் இரண்டு தரப்பினரும் நேரில் இருந்தார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

விடுமுறை. ஓய்வெடுத்தேன். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மாலையில் வத்தலக்குண்டு வாடகைக் கடையில் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தேன். "பிளேடு மொத்தமும் தேஞ்சிருச்சே, என்னத்த சார் அறுத்தீங்க?" என்றார் கடைக்காரர். ரொட்டி என்றேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே மேல்தளத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி காணப்படுவதாகவும் காரணம் தெரியவில்லை என்றும் அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். சபாபதி மோட்டார் சைக்கிளை எஸ்டேட்டில் விட்டுவிட்டு ஓடியே வந்தார்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். கம்பியெல்லாம் பளபளவென்று அறுபட்டிருந்தது. இறங்கி வந்து என் கையைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"இது எப்படி சார் ஆச்சு?"

"வெயிலுக்கு விரிஞ்சிருச்சு சாரு" என்றாள் மாசாணி. "டப்புனு ஒரு சத்தம்."

சபாபதி மறுபடி தளத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் போய்க் கணக்கு வந்ததைப் பார்த்தேன். நீளமான கட்டடங்களில் வெயிலுக்குத் தளம் விரிய இடம் விட்டுக் கட்டுவது வழக்கம்தானாம். அதற்கு 'விரிவு இடைவெளி' என்று பெயர். இவ்வளவு நீளத்துக்கு அவர் விட்டிருக்க வேண்டியதே. மறந்துவிட்டார்.

"விட்டிருந்தேன் சார்" என்றார் தெளிவாக. "ஆரம்பத்துலேயே விட்டிருந்தேன். பூச்சு மறைச்சிருந்துச்சு. இப்போ தெரியுது."

பதிவாயிற்று. கோப்பில் கட்டடம் பழையபடி ஒன்று. மேலே கூரை இரண்டு.

பளியர் தரப்பு ஆய்வு தனியாக நடந்தது. காளியன் தேன் எடுக்கப் பாறையில் இறங்கும் கொடியோடு தளத்தின் மேல் ஏறினார். அதை இடைவெளியில் இறக்கி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை இழுத்துக்கொண்டு நடந்தார். எங்கும் மாட்டவில்லை. கீழே நின்றவர்கள் தலையாட்டினார்கள். கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 26, புதன்

சடைச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். காளியன் முதுகில் சுமந்து வந்தார். வாசலில் இறக்கும்போது, "சாரு, மழை பெஞ்சா அந்த வெடிப்புல ஒழுகுமே" என்றாள். மழைக்கு முன்னால் அடைத்துவிடலாம் என்றேன். "அடைச்சிராதீங்க" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வுக் குழு வரவில்லை. பயணப்படிக் கணக்கு எழுதினேன். சடைச்சிக்குச் சிமெண்ட் வீட்டில் இரவில் மூச்சு முட்டுகிறதாம், குடிசையில் காற்று வந்ததாம். ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக்கொண்டு போனேன். அலுவலகக் கணக்கில் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

குழு வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன், 'எந்த நாளும் வரலாம்' என்றார்கள். இந்தச் சனி ஞாயிறுக்காவது அவளைக் குடிசைக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். எந்த நாளும் என்றால் எந்த நாளும்தான். அனுப்பவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் சடைச்சி இறந்துவிட்டாள்.

குடையைத் தைக்கக் கொடுத்தேன். சட்டைகள் சலவைக்குப் போட்டேன். மதியம் சாப்பாடு இல்லை, கடை மூடியிருந்தது. திறந்த கடைகளும் இருந்தன.

மார்ச் 12, புதன்

பன்னிரண்டாம் வீட்டுக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு எல்லாரும் அந்தப் பக்கத்திலிருந்து விலகிவிட்டார்கள். ஃபேன்கூட உள்ளேயே இருக்கிறது. நடைபாதையே மாறிவிட்டது. முன்பு அந்த வாசல் வழியாக இறங்கியவர்கள் இப்போது புதருக்குள் சுற்றிப் போகிறார்கள். காளியன் ஓடைக்கு அப்பால். மற்ற பதினொரு வீட்டிலும் அடுப்பு எரிகிறது. அறுத்தது வேலை செய்கிறது.

காளியன் சபாபதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த வீடு எப்ப சாரு விழும்?"

சபாபதி வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். "விழவே விழாதுங்க. அறுபது வருஷம் நிக்கும். நான் கேரண்டி."

காளியன் தலையைக் குனிந்துகொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர், இரண்டு கார். பதினொரு வீட்டிலும் பாய், பாத்திரம், ஆள். பன்னிரண்டாவது ஏன் காலி என்றார்கள். பயனாளி இறந்துவிட்டார் என்றேன். "அப்ப பிரச்சினை இல்லை" என்று டிக் அடித்தார் தலைவர். நிம்மதியாக இருந்தது என்று எழுத வந்தேன். வேண்டாம்.

மேலே இடைவெளியைப் பார்த்து, இது ஒரு கட்டடமா இரண்டா என்று கேட்டார். ஒன்றுதான், விரிவு இடைவெளி என்றார் சபாபதி. ஒன்றுதான் என்றேன் நானும்.

மார்ச் 29, சனி

இரண்டாம் தவணை ஒதுக்கப்பட்டுவிட்டது. என் ஒப்பந்தமும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. மாசாணியிடம் சொன்னேன், தண்ணீர் வருகிறது என்று. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். முதல் முறையாக அவளிடமிருந்து கருத்து எதுவும் வரவில்லை.

மே 12, திங்கள்

குழாய் வரைபடம் வந்தது. விதி: கட்டடம் ஒன்றுக்குக் குழாய் ஒன்று. மலைக்கு மேலே தொலைவில் உள்ள ஊற்றிலிருந்து வருவதால் அழுத்தம் நன்றாக இருக்கும் கீழ்க்கோடியில் பொருத்த வேண்டும். கீழ்க்கோடி என்பது பன்னிரண்டாம் எண் வீடு. அதன் வாசல் சுவரில், சிவப்பு மையில், அழகான ஒரு வட்டம்.

சபாபதியிடம் ஓடினேன். அங்கே போட்டால் ஒரு சொட்டுகூட யாரும் எடுக்க மாட்டார்கள் என்றேன். மேல்கோடியில், முதல் வீட்டில் போடச் சொன்னேன்.

"வரைபடத்தை மாத்த முடியாது சார்."

"அப்படியென்றால் இரண்டாவதாக ஒரு குழாய்."

"ரெண்டு குழாய்க்கு ரெண்டு கட்டடம் வேணும்."

"இரண்டு கட்டடம்தானே இருக்கிறது!"

சபாபதி கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ரெண்டுன்னு எழுதுங்க. நான் வேணாங்கல. அப்போ அது விரிவு இடைவெளி இல்லை, யாரோ அறுத்தது. யாரு அறுத்ததுன்னு விசாரணை வரும். குழுகிட்ட நீங்களும் நானும் கட்டடம் ஒண்ணுதான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். பொய்த் தகவல்னு தவணையைத் திரும்ப வாங்கிடுவாங்க. அப்புறம் ஒரு குழாயும் இல்லை. எழுதறீங்களா?"

ஜன்னல் வழியாக ஒரு காகம் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் ஒப்பந்தமாக இருக்கலாம்.

எழுதவில்லை.

மே 13, செவ்வாய்

எழுதவில்லை.

ஜூன் 18, புதன்

குழாய் திறப்பு விழா. ரிப்பன், வாழைமரம். நல்ல தண்ணீர், ஐஸ் போலக் குளிர்ச்சி, கட்டைவிரல் கனத்துக்குக் கொட்டியது. பயனாளி ஒருவர் குடத்தோடு நிற்கும் படம் வேண்டும் என்றார்கள். பெண்கள் எல்லாரும் மேல்கோடியில், முதல் வீட்டு வாசலில் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தியும் இறங்கி வரவில்லை. கடைசியில் சபாபதி அலுவலகத் துப்புரவுப் பணியாளரை நிற்க வைத்துப் படம் எடுத்தார். அவர் நன்றாகச் சிரித்தார்.

ரப்பர் குழாய் மாட்டி மேலே கொண்டுபோகலாமா என்று மாசாணியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அவ வீட்டுலேர்ந்துதான சாரு எடுக்கணும்?"

கார்கள் போன பிறகும் காளியன் நின்றுகொண்டிருந்தார், தூரத்தில், புதரை ஒட்டி. பக்கத்தில் போனேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"அவளுக்குத் தண்ணி ஊத்தத்தான் கவுருமெண்டு இம்புட்டுத் தூரம் குழாய் இழுத்திருக்கு" என்றார். சிரித்தாரா என்று இருட்டுகிற நேரத்தில் சரியாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாதாந்திரக் குழாய் மீட்டர் கணக்கு அனுப்பினேன். பூஜ்யம். மீட்டர் பழுதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

அலுவலகத்திலிருந்து கடிதம். மலைப் பகுதித் திட்டங்களிலேயே ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகாத ஒரே குடியிருப்பு கூட்டாத்துப்பாறை என்று புள்ளிவிவரப் பிரிவு கண்டறிந்திருக்கிறது. தண்ணீர்ச் சிக்கனத்துக்கான முன்மாதிரிக் குடியிருப்பு விருது. ஒருங்கிணைப்பாளருக்குச் சான்றிதழ். பயனாளிகளுக்கு வீட்டுக்கொரு பரிசு. மக்களிடம் உடனே தெரிவித்து, அவர்கள் மகிழ்ச்சியைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

மூன்று மாதத்தில் நான்கு விளக்கக் கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன். ஐந்தாவதற்குத் தாள் எடுத்தேன். வைத்துவிட்டு மலைக்குப் போனேன்.

எஸ்டேட் கேட்டுக்கு மேலே பாதையில் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. மாசாணி கடைசியில் வந்தாள். ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

நின்றாள். குடத்தை இறக்கவில்லை.

"என்ன பரிசு சாரு?"

"எவர்சில்வர் குடம்" என்றேன்.

"கொடம் எங்ககிட்ட இருக்கு சாரு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.